நண்பர்களோடு ஆல்ப்ஸ் மலைச்சாலையில்: முதல்முறை கார் எடுத்து ஓட்டப் போகிறவர்களுக்கு

நான்கு நண்பர்கள், பத்து நாள், சுவிட்சர்லாந்து, வட இத்தாலி, ஆஸ்திரியா. காலை 10 மணிக்கு விமான நிலையத்திலேயே வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் மலையடிவாரம் போய்ச் சேர்வதாகத் திட்டம். சாவி கைக்கு வந்தபோது மாலை நாலரை. காரணம் ஒரு கிரெடிட் கார்டு. அதில் அச்சாகியிருந்த பெயர், பாஸ்போர்ட்டில் இருந்த பெயரோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அந்த ஆறரை மணி நேரம் நாங்கள் பட்ட அலைச்சலை நீங்களும் படக்கூடாது. என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், எங்கே பணம் கழன்று போகும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதி குறிக்கும் முன் கணவாயைப் பாருங்கள்

விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ போட்டுவிடாதீர்கள். நாம் போக ஆசைப்படும் உயரமான சாலைகள் அப்போது பெரும்பாலும் பனி மூடிக் கிடக்கும். சுவிஸ்ஸில் சூஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா ஆகிய மூன்று கணவாய்களும் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பவை; வழக்கமாக ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ 2,757 மீட்டர். ஆஸ்திரியாவின் கிராஸ்குளொக்னர் சாலை மே மாதம் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவது வழக்கம். திறந்திருக்கும் மாதங்களிலும் இரவில் மூடிவிடுவார்கள். திறக்கும் தேதி அந்தந்த ஆண்டின் பனியைப் பொறுத்தது, யாரும் முன்கூட்டி உறுதி தர முடியாது.

என் யோசனை செப்டம்பர். சாலைகள் திறந்திருக்கும், ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் குறைந்திருக்கும், வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனாலும் செப்டம்பரில்கூட ஒரே இரவில் பனி பெய்து ஒரு கணவாயை மூடிவிடலாம். அதனால் அறைகளை ரத்து செய்யக்கூடிய வகையிலேயே போடுங்கள்.

2. விசா: நான்கு பேரும் ஒரே நாட்டில் விண்ணப்பியுங்கள்

இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி இருக்கிறது: அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களில் ஒருவர், அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைத்தது என்று வேறு நாட்டின் மையத்துக்குப் போய்விட்டார். பயணத் திட்டத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூன்று வாரம் ஆனது.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பயணக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, ஆனால் 45 நாள் வரை நீளலாம். ஆகவே மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரின் பயணத் திட்டமும் தேதிக்குத் தேதி, ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் எழுதி மற்ற மூவரும் நகல் எடுத்துக்கொள்வதே நல்லது.

3. ஓட்டப் போகிறவர் எல்லாருக்கும் ஐ.டி.பி.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைத்தான் ஐ.டி.பி. என்கிறார்கள். இந்தியாவில் ஆர்.டி.ஓ. மூலம் வாங்க வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். உங்கள் லைசென்ஸ் அதற்குள் காலாவதியானால் ஐ.டி.பி.யும் அதோடு போய்விடும். அதனால் முதலில் லைசென்ஸில் உள்ள தேதியைப் பாருங்கள்.

சுவிஸ்ஸில் ஆங்கிலத்தில் உள்ள லைசென்ஸே பொதுவாகப் போதும். இத்தாலியில் அப்படி இல்லை, ஐ.டி.பி. வேண்டும். எல்லை தாண்டி ஓட்டப் போகிறீர்கள், அதனால் எடுத்தே விடுங்கள். ஐ.டி.பி. தனியாகச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி. அசல் லைசென்ஸ் பையில் இல்லையென்றால் ஐ.டி.பி. வெறும் காகிதம்தான். செல்பேசியில் இருக்கும் டிஜிட்டல் லைசென்ஸை நம்பிப் போகாதீர்கள்.

4. பெயரும் முன்னெழுத்தும்: நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தமிழர்களுக்கென்றே வரும் சிக்கல். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருப்பார்கள். லைசென்ஸில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். கிரெடிட் கார்டில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ஊரில் இதை யாரும் கேட்பதில்லை.

வாடகைக் கார் கவுன்டரில் இருந்தவர் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். ‘இது மூன்று ஆட்கள்’ என்றார். அப்பா பெயர், முன்னெழுத்து என்று நாங்கள் விளக்கியது எதுவும் எடுபடவில்லை. டெபாசிட்டைப் பிடிக்கப் போகும் கார்டு, முதல் ஓட்டுநரின் பெயரில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. கடைசியில் எங்களில் இன்னொருவரின் கார்டும் பாஸ்போர்ட்டும் ஒத்திருந்ததால், ஒப்பந்தத்தையே அவர் பெயருக்கு மாற்றினோம். பழைய முன்பதிவை ரத்து செய்து, அன்றைய விலைக்குப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அதனால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே நான்கு பேரும் ஒரு மேசையில் உட்காருங்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், லைசென்ஸ், கிரெடிட் கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றும் யாருக்கு ஒத்துப்போகிறதோ அவர்தான் முதல் ஓட்டுநர். யார் நன்றாக ஓட்டுவார் என்பது அப்புறம்தான். யாருக்குமே ஒத்துப்போகவில்லையென்றால் வங்கியில் சொல்லி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் அச்சிட்ட கார்டு வாங்குங்கள். ஐ.டி.பி. விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள், வரம்பு போதுமா என்று பாருங்கள், கார்டின் ரகசிய எண்ணை (பின்) மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

5. காரை முன்பதிவு செய்யும்போது

ஐரோப்பாவில் கையால் கியர் போடும் கார்கள் இன்னும் நிறைய. ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். இது மூன்றும் புதிது என்னும்போது கொண்டை ஊசி வளைவில் கியரையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். வாடகை கூடினாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள். அவை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

முன்பதிவில் இவற்றை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்:

- எந்தெந்த நாட்டுக்குள் காரைக் கொண்டுபோக அனுமதி. சொல்லாமல் எல்லை தாண்டினால் காப்பீடு செல்லாமல் போகலாம்.
- கூடுதல் ஓட்டுநருக்கு நாளுக்கு எவ்வளவு. இரண்டு பேர் பெயர் போதும். பெயர் இல்லாதவர் ஐந்து நிமிடம்கூட ஓட்டக்கூடாது.
- 25 வயதுக்கு உட்பட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டா.
- வேறு ஊரில் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு. வேறு நாட்டில் கொடுத்தால் அது வாடகையையே மிஞ்சிவிடலாம். எடுத்த இடத்திலேயே கொடுப்பது போல வட்டமாகப் பாதை போடுங்கள்.

காப்பீட்டில் ‘எக்ஸஸ்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். சேதம் ஆனால் அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு என்று பொருள். அதைவிட முக்கியம், டயர், சக்கர ரிம், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் சேராது. மலைச்சாலையில் அடிபடுவதே அவைதான். இவற்றையும் சேர்த்துக் காக்கும் திட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

நான்கு பேருக்கு நான்கு பெரிய பெட்டி சின்னக் காரில் ஏறாது. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பை என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

6. சாவி வாங்கியதும், கிளம்புவதற்கு முன்

அவசரப்படாதீர்கள். காரைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். நான்கு ரிம்மையும் குனிந்து தனித்தனியாக எடுங்கள். முன்கண்ணாடி, கூரை, பம்பரின் அடி விளிம்பு, எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் வரட்டும். தாளில் குறிக்காத கீறல் இருந்தால் ஊழியரைக் கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் கார் வாகன நிறுத்தத்தின் இருட்டு மூலையில் நின்றது, நாங்களும் தாமதத்தில் எரிச்சலோடு இருந்தோம், பின் ரிம்மைப் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்து மூன்று வாரம் கழித்து ரிம் கீறலுக்குப் பணம் பிடித்த கடிதம் வந்தது. எங்களிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை.

முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருக்கிறதா பாருங்கள். இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் கார் நின்றுபோய்ச் சாலையில் இறங்க வேண்டி வந்தால் அந்த மேலங்கி கட்டாயம்.

வாகன நிறுத்தத்திலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பழகுங்கள். பக்கத்தில் உட்காருகிறவருக்கு முதல் நாள் ஒரே வேலை: ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலப்பக்கம்’ என்று சத்தமாகச் சொல்வது. போக்குவரத்து இருக்கும் சாலையில் மற்ற கார்களைப் பார்த்தே சரியாகப் போய்விடுவோம். பெட்ரோல் பங்கிலிருந்து ஆளில்லாத சாலைக்குள் திரும்பும்போதுதான் கை பழைய பழக்கத்துக்குப் போகும்.

7. சாலைக் கட்டணங்கள்: நாட்டுக்கு ஒரு விதம்

சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கு வின்யெட் என்ற ஆண்டு வில்லை வேண்டும், 40 ஃப்ராங்க். இரண்டு நாளுக்கு மட்டும் என்று கிடையாது. சுவிஸ்ஸில் எடுக்கும் வாடகைக் காரில் அது ஏற்கெனவே இருக்கும். வேறு நாட்டில் எடுத்து சுவிஸ்ஸுக்குள் நுழைந்தால் நீங்களே வாங்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃப்ராங்க் அபராதம், வின்யெட் விலை தனி.

ஆஸ்திரியாவுக்கு வேறு வின்யெட், அது பத்து நாளுக்கும் கிடைக்கும். டிஜிட்டலாக வாங்கினால் கார் எண்ணோடு இணைக்கப்படும் என்பதால் கார் கைக்கு வந்தபிறகுதான் வாங்க முடியும். எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் வாங்காததற்குச் சமம். இணையத்தில் தேடினால் இடைத்தரகர் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும், கூடுதல் பணம் பிடுங்கும். ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக் நிறுவனத்தின் தளம், சுவிஸ்ஸுக்குச் சுங்கத் துறையின் தளம், இந்த இரண்டு மட்டுமே. பிரென்னர் நெடுஞ்சாலை, ஆர்ல்பெர்க் சுரங்கப்பாதை போன்றவற்றுக்கு வின்யெட் செல்லாது, தனிச் சுங்கம் உண்டு. கிராஸ்குளொக்னர் சாலைக்கும் தனிக் கட்டணம்.

இத்தாலி நெடுஞ்சாலையில் ஓடிய தூரத்துக்குச் சுங்கம். மஞ்சள் நிறத்தில் ‘டெலிபாஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும் வரிசைக்குள் போகாதீர்கள், அது சந்தாதாரர்களுக்கு.

இத்தாலியில் இன்னொரு பொறி இசட்.டி.எல்., அதாவது பழைய நகர மையங்களில் வெளியார் கார் நுழையத் தடைசெய்த பகுதி. வாசலில் ஆள் இருக்காது, கேமரா இருக்கும். வழிகாட்டும் செயலி உங்களை நேராக உள்ளே கூட்டிப்போய்விடும். தங்குமிடம் ஊர் நடுவில் இருந்தால் முன்பே எழுதிக் கேளுங்கள், அல்லது வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

வேகத்திலும் கவனம். ஊருக்குள் மூன்று நாட்டிலும் 50. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் சுவிஸ்ஸில் 80, இத்தாலியில் 90, ஆஸ்திரியாவில் 100. சுவிஸ்ஸில் ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் வரை கூடினால் 40 ஃப்ராங்க், ஆறிலிருந்து பத்து என்றால் 120, பதினொன்றிலிருந்து பதினைந்து என்றால் 250.

8. ஒரு நாளில் எவ்வளவு தூரம்

சூஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா மூன்றையும் சேர்த்து ஆண்டர்மாட் பக்கமிருந்து ஒரு சுற்று வந்தால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். வரைபடம் மூன்று மணி நேரத்துக்குள் காட்டும். எங்களுக்குக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஆனது, ஒரு நிமிடம்கூட அதிகமாகத் தோன்றவில்லை. நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் நிறுத்தச் சொல்வார்கள். மலையில் செயலி காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள்.

செயலி எப்போதும் சுரங்கப்பாதை வழியாகத்தான் இழுக்கும். சுவிஸ்ஸின் கோத்தார்ட் கணவாய்ப் பக்கம் போகும்போது 16.9 கிலோமீட்டர் இருட்டுக்குள் போய், எதற்காக வந்தோமோ அந்த மலையைப் பார்க்காமலேயே மறுபக்கம் வந்துவிடுவீர்கள். இடையில் கணவாயின் பெயரை ஒரு நிறுத்தமாகப் போடுங்கள். கிளம்பும் காலையில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபுர்கா மூடியிருந்தால் ரியால்ப், ஓபர்வால்ட் இடையே காரையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தில் 25 இருக்கும்போது, அங்கிருந்து இரண்டாயிரம் மீட்டர் மேலே உள்ள கணவாயில் பன்னிரண்டுதான். கனமான சட்டையை டிக்கியின் அடியில் புதைக்காதீர்கள்.

9. இறக்கம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஏற்றம் யாருக்கும் கஷ்டமில்லை. ஆபத்து இறக்கத்தில்தான்.

ஸ்டெல்வியோவிலிருந்து பிராட்டோ பக்கம் இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். நண்பர் ஓட்டினார். ஆட்டோமேட்டிக் கியரை, வழக்கமாக ஓட்டும் நிலையான ‘டி’யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினார். இருபது வளைவு தாண்டியிருப்போம், ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுவது போல ஒரு நெடி. முன்னால் போகும் வண்டியிலிருந்து வருகிறது என்று ஜன்னலை மூடினோம். நெடி குறையவில்லை. அடுத்த வளைவில் நண்பர் மெதுவாக, ‘பிரேக் உள்ள போகுதுடா’ என்றார். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது. வளைவின் வெளிப்பக்கம் ஒதுங்க இடம் இருந்தது, நின்றோம். இறங்கியபோது முன்சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம், யாரும் பேசவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் மாற்றும் முறைக்குக் கொண்டுவந்து இரண்டில் வையுங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைக்காதீர்கள். வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். நெடி வந்தால் அடுத்த ஒதுக்கிடத்தில் நில்லுங்கள், தானாக ஆறட்டும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, வட்டு விரிசல் விடும். வாடகை எடுத்த அன்றே இந்தக் கையால் மாற்றும் முறை எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குறுகிய செங்குத்துச் சாலையில் இரண்டு வண்டி எதிர்ப்பட்டால் இறங்குகிறவர்தான் முதலில் நின்று வழிவிட வேண்டும், பக்கத்தில் ஒதுக்கிடம் ஏறுகிறவருக்குத்தான் என்றால் தவிர. சுவிஸ் மலைச்சாலைகளில் மஞ்சள் நிறத் தபால் பேருந்துக்கு எப்போதும் முன்னுரிமை. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் வரைந்திருந்தால் அது அந்தச் சாலை. மூன்று சுரத்தில் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நில்லுங்கள். ஓட்டுநர் கைகாட்டி பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும்.

10. எரிபொருள், பார்க்கிங், போன்

இத்தாலியில் ‘பென்சீனா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். கேட்க ‘கேசோலின்’ போல இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ‘செர்விட்டோ’ என்ற குழாயில் ஊழியர் போட்டுவிடுவார், விலை கூடுதல். மலையில் பாதித் தொட்டிக்குக் கீழே போக விடாதீர்கள்.

சுவிஸ்ஸில் நீலக் கோடிட்ட இடத்தில் பார்க்கிங் இலவசம், ஆனால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டை வட்டை கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம். இத்தாலியில் நீலக் கோடு என்றால் காசு, வெள்ளை என்றால் இலவசம். ஒரே நிறம், வேறு பொருள்.

ஐரோப்பிய சிம் வாங்கும்போது சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் பல திட்டங்களில் அது வராது. எல்லையைத் தாண்டியதும் இருப்பு கரைந்துவிடும். வரைபடத்தை எப்படியும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் மூன்று நாட்டிலும் 112.

11. பணத்தைப் பங்கு போடுவது

கார் ஒருவர் பெயரில், டெபாசிட் அவர் கார்டில், அபராதமும் அவர் பெயருக்கே வரும். இதை மற்ற மூவரும் கிளம்பும் முன்பே உணர வேண்டும். ஆளுக்கு ஒரு தொகை பொதுக் கணக்கில் போடுங்கள். எரிபொருள், சுங்கம், பார்க்கிங் எல்லாம் அதிலிருந்து. எக்ஸஸ் தொகையை நான்காகப் பிரித்துக்கொள்வதாக முன்பே பேசிவிடுங்கள், யார் ஓட்டும்போது அடிபட்டாலும் சரி. வேக அபராதத்தை மட்டும் ஓட்டியவர் கொடுக்கட்டும் என்று நாங்கள் வைத்தோம். யார் எந்த நாள் எங்கே ஓட்டினார் என்று தினமும் ஒரு வரி எழுதி வைத்தது அதற்கு உதவியது.

ஊர் திரும்பியதும் மீதியைப் பிரித்துக்கொள்ளாதீர்கள். இத்தாலியில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத அறிவிப்பு அனுப்ப 360 நாள் வரை அவகாசம் இருக்கிறது. உங்கள் முகவரியை அரசுக்குக் கொடுத்ததற்கே வாடகை நிறுவனம் தனிக் கட்டணம் பிடிக்கும், அபராதம் அதற்கு அப்புறம் வரும். எங்களுக்கு ஏழாவது மாதத்தில் வந்தது.

12. திருப்பிக் கொடுக்கும்போது

அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். இரவில் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தால், அதற்குப் பிறகு காருக்கு என்ன ஆனாலும் உங்கள் தலையில் விழலாம். எரிபொருளை நிரப்பி, ரசீதைப் படம் எடுங்கள். எடுத்தபோது செய்தது போலவே மறுபடி வீடியோ. ஊழியரைக் கூடவே சுற்றிவரச் சொல்லி, ‘புதிய சேதம் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். அவர் பிறகு மின்னஞ்சலில் வரும் என்று சொன்னாலும் அசையாதீர்கள், கையெழுத்தோடு தாள் கைக்கு வந்த பிறகு விமானத்துக்குப் போங்கள். அதற்காகவே இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள்.